ராத்திரித் தண்ணி பார்க்க ஒரு நெத்தி லைட்: வாங்கலாமா?

மன்னார்குடி பந்தலடிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 1,150 ரூபாய்க்கு வாங்கிய நெத்தி லைட் இது. கம்பெனிப் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அதே உடம்பு, அதே பட்டன், அதே நாடா. மேலே ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் கடைக்குக் கடை மாறுகிறது. ஒரே ஒரு 18650 செல் (திரும்பத் திரும்பச் சார்ஜ் போடும் உருளை பேட்டரி), சி-டைப் சார்ஜிங், மூன்று அளவில் எரியும் வெள்ளை விளக்கு, பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, கையை ஆட்டினால் எரியும் சென்சார். இந்த அடையாளமெல்லாம் இருந்தால் உங்கள் கடையில் இருப்பதும் இதேதான். ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் என் நெற்றியில் கிடந்துவிட்டது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லும் தகுதி வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் லைட்டைப் பற்றிச் சொல்வது புரியும். எங்களுக்கு கோட்டூர்ப் பக்கம் ஏழு மா (இரண்டேகால் ஏக்கர் வரும்) சொந்த நிலம், அதை ஒட்டிக் கொஞ்சம் குத்தகை. பாமணியாற்றுத் தண்ணி. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, கல்லணையில் பூ தூவும் படம் பேப்பரில் வந்து, வெண்ணாற்றில் ஓடி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, எங்கள் கிளை வாய்க்காலை எட்டிப் பார்ப்பதற்குள் ஊரில் பாதிப் பேர் போர் போட்டவன் வீட்டு வாசலில் நிற்பார்கள். அதற்கப்புறம் முறை வைத்து விடுவார்கள். எங்கள் முறை எப்படியோ ராத்திரியில்தான் வந்து விழும். பகல் தண்ணியெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு எழுதி வைத்தது. லஸ்கர் (வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பணியாளர்) ஷட்டரைத் தூக்கிவிட்டார் என்று போன் வந்தால், மணி பதினொன்றானாலும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மடை திறக்கணும், நண்டு வளையில் ஒழுகுகிறதா பார்க்கணும், ஒழுகினால் அடைக்கணும், கடைசி வயல் நிரம்பும்வரை சுற்றிச் சுற்றி வரணும்.

இத்தனை வருஷமும் கையில் டார்ச்தான். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் மம்பட்டி. வெட்டும்போது டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கணும், இல்லையென்றால் வரப்பில் வைத்துவிட்டுக் குத்துமதிப்பாக வெட்டணும். நெத்தி லைட் வாங்கியது இரண்டு கையும் சும்மா இருக்கட்டும் என்றுதான். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அதைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. எழுத வந்தது வேறு விஷயம்.

மாட்டிக்கொண்டு போன முதல் ராத்திரி வரப்பு முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பொடிப் பொடியாக மின்னியது. பனித்துளி என்று நினைத்துக் குனிந்தால், துளி நகர்கிறது. சிலந்தி! அத்தனையும் சிலந்திக் கண். வேளாண்மைத் துறைக்காரர்கள் ஓநாய்ச் சிலந்தி என்று சொல்வார்களே, வலை பின்னாமல் ஓடிப் பிடிப்பது, அதுதான். சில பெண் சிலந்திகள் முட்டைப் பையைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. சிலவற்றின் முதுகு மொத்தமும் குஞ்சு. அந்தக் குஞ்சுகளின் கண்களும் தனித்தனியாக மின்னுகின்றன.

இதே வரப்பில்தான் நான் சின்னப் பையனிலிருந்து நடக்கிறேன். ஏன் தெரியவில்லை? காரணம் லைட் இருக்கும் இடம். இந்த மாதிரி உயிர்களின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. ஒளி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே திரும்பிப் போகும். இடுப்பு உயரத்தில் டார்ச் பிடித்தால் மினுக்கம் இடுப்புக்குத்தான் திரும்பி வருகிறது, நம் கண்ணுக்கு வருவதில்லை. லைட் நெற்றியில், கண்ணுக்கு ஒட்டி இருந்தால் நேராக நம்மிடமே வருகிறது. டார்ச்சைத் தூக்கிக் காதோரம் வைத்துப் பாருங்கள், நெத்தி லைட் இல்லாமலே கொஞ்சம் தெரியும். 1,150 ரூபாய் கொடுக்கும் முன் இதைச் செய்து பார்த்துவிட்டு, இது நமக்கு வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

அதிலிருந்து எனக்கு ராத்திரித் தண்ணி பார்ப்பதில் அலுப்பு போய்விட்டது. முன்னால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவேன், இப்போது தண்ணி நிரம்பினாலும் வருவதில்லை என்று வீட்டில் புகார். உண்மைதான்.

கண்ணின் நிறத்தையும் உயரத்தையும் வைத்து ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். தரையோடு தரையாக, மண் ரோட்டில், செம்மஞ்சளாகப் பெரிதாக ஒற்றைக் கண் தெரிந்தால் அது பக்கி என்கிற ராத்திரிப் பறவை. நாலடி தூரம் போகும்வரை நகராது, அப்புறம் சத்தமே இல்லாமல் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் அதே ரோட்டிலேயே உட்காரும். சக், சக், சக் என்று ஆரம்பித்து வேகமாக உருண்டு முடியும் குரல் ஒன்று கேட்குமே, அதற்குச் சொந்தக்காரன். முழங்கால் உயரத்தில் ஜோடியாகத் தெரிந்து, தலையை ஆட்டாமல் நம்மையே பார்த்தால் பெரும்பாலும் ஊர் நாய். ஜோடி நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நின்று பார்த்தால் நரியாக இருக்கலாம். கருவேலந்திடல் பக்கம் அடிக்கடி ஊளை கேட்கிறது. சம்பா கதிர் வரும் சமயம் ஒரு காட்டுப்பூனை வரப்பில் உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பூனைக்கு இருப்பதைவிடக் கால் நீளம், வால் குட்டை, வால் நுனியில் கறுப்பு வளையம். எலி வளை ஒன்றின் வாயைப் பார்த்தபடி அது அசையவில்லை, தள்ளி நான் அசையவில்லை. என் தண்ணி பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கூகையைப் பற்றித் தனியாகச் சொல்லணும். எலிக்காக வயலில் குச்சி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டி வைப்போம் இல்லையா, பறவை வந்து உட்கார. சிலர் தென்னை மட்டையைத் தலைகீழாக நடுவார்கள். பகலில் அதில் கரிச்சான் உட்காரும். ராத்திரியில் யார் வருகிறார் என்று இந்த லைட் வரும்வரை எனக்குத் தெரியாது. குச்சிக்கு அடியில் கறுப்பாக உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பிரித்தால் எலி மயிரும் எலும்பும் மண்டை ஓடும். ஒரு நாள் சிவப்பு விளக்கில் மெதுவாகப் போய்ப் பார்த்தேன். வெள்ளை முகம், நடுவில் குறுகிய இதய வடிவம், கறுப்புக் கண். என்னைப் பார்க்காமல் பயிரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கிறது. கூகைக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே. அந்த வித்தியாசத்தை வைத்தே கும்மிருட்டில் எலி எங்கே நகர்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அது இறங்கியதையும் பார்த்தேன், எழுந்ததையும் பார்த்தேன், இரண்டுக்கும் சத்தம் இல்லை. எலி மட்டும் கீச்சென்றது.

எங்கள் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. கூகை முகத்தில் முழிப்பது ஆகாதாம். நான் முழித்தது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அது கணக்கில் வராது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எலிக்கு விஷம் வைப்பதை அந்த சம்பாவோடு நிறுத்திவிட்டேன், விஷம் தின்ற எலியைக் கூகையும் தின்னும் என்பதால். தேவைப்பட்டால் கிட்டி (எலிப் பொறி) வைப்பவர்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இங்கேதான் லைட்டின் பெரிய குறை. வெள்ளை விளக்கு மூன்று அளவையும் தாண்டினால்தான் சிவப்பு வரும். அதாவது இருட்டில் மெதுவாகப் போய் நின்று பட்டனைத் தொட்டால், முதலில் முழு வெள்ளை பளீரென்று கூகை முகத்தில் அடிக்கும். இதை வடிவமைத்தவர் ராத்திரியில் வெளியே வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். நான் இப்போது உள்ளங்கையால் விளக்கைப் பொத்திக்கொண்டு, எண்ணி அழுத்தி, சிவப்பு வந்ததும் கையை எடுக்கிறேன். வாங்குகிறவர்கள் சிவப்புக்குத் தனிப் பட்டன் இருக்கிறதா என்று கேளுங்கள். நூறு இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

சிவப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வெள்ளை ஒளியைப் பார்த்தபின் நம் கண் இருட்டுக்குப் பழக நேரமாகும், சிவப்பில் அந்தப் பழக்கம் அவ்வளவாகக் கெடாது. அணைத்ததும் நட்சத்திர வெளிச்சத்திலேயே வரப்பு தெரியும். இரண்டாவது, பூச்சி. பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் முகத்தில் மொய்ப்பதில்லை. வெள்ளையில் போனால் தீபாவளிச் சமயத்தில் பச்சைத் தத்துப்பூச்சி மூக்கு, காது, வாய் எல்லாவற்றிலும் இருக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வெள்ளை ஒளிக்கு வரும். என் கன்னத்தில் அது நாலைந்து மோதினால் மறுநாள் காலையில் பயிரை விலக்கித் தூரைப் பார்த்துவிடுவேன். விளக்குப் பொறியைத் தலையில் கட்டிக்கொண்டு அலைகிறேன் என்று பெரியப்பா சிரிக்கிறார்.

மின்மினி இருக்கும் இடத்தில் சிவப்பும் வேண்டாம், அணைத்துவிடுங்கள். வடிகால் ஓரம் தாழைப் புதர் பக்கம் கொஞ்சம் பொறுத்து நின்றால் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும்.

அப்புறம் பாம்பு. இதை முதலிலேயே எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த விஷயத்தில் நெத்தி லைட்டை முழுதாக நம்பாதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு. ஒளி கண்ணுக்கு ஒட்டி இருப்பதால் கண் மினுங்குகிறது என்று சொன்னேன். அதே காரணத்தால் நிழல் தெரிவதில்லை. பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடுகிறது. மேடு, பள்ளம், சுருண்டு கிடக்கும் விரியன் எல்லாமே தட்டையாகத் தெரியும். கண்ணாடி விரியன் உடம்புப் புள்ளியும் காய்ந்த சருகும் ஒரே நிறம், அது நகரவும் நகராது. கையில் டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து அடித்தால் நிழல் நீளமாக விழும், உருவம் தூக்கித் தெரியும். அதனால் நடக்கும்போது கையில் சின்ன டார்ச், வேலை செய்யும்போதும் வேடிக்கை பார்க்கும்போதும் நெத்தி லைட். இரண்டும் வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம், வலியில்லையே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

பெரும்பாலும் பார்ப்பது தண்ணீர்ப் பாம்புதான். தவளையை வாயில் கவ்விக்கொண்டு, விடவும் மனசில்லாமல், விழுங்கவும் முடியாமல், லைட்டில் மாட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கும். பாவமாக இருக்கும். யாருக்காகப் பாவப்படுவது என்றுதான் தெரியாது.

தவளை என்றதும், ஐப்பசி மழை முதல் முதலாக அடித்துப் பெய்த ராத்திரியை விட்டுவிடாதீர்கள். பெரிய தவளைகளில் ஆண் எல்லாம் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலப் பை உப்பி, வயல் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். மற்ற நாளில் பார்த்தால் அதே தவளை சேற்று நிறம். பெரியப்பா இளவட்டமாக இருந்தபோது பெட்ரோமாக்ஸ் வைத்துத் தவளை பிடித்துச் சாக்கில் கட்டி வியாபாரிக்குக் கொடுப்பார்களாம், கால் வெளிநாட்டுக்குப் போகும். 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பூச்சி தின்கிற ஆளை விற்றுவிட்டுப் பூச்சி மருந்து வாங்கினோம் என்று அவரே சொல்வார்.

அதே மாதங்களில் பயிர் நுனியில் தட்டான்கள் தொங்கிக்கொண்டு தூங்கும். மஞ்சள் தட்டான் கூட்டம் கூட்டமாக வருமே, அதில் ஒரு பகுதி கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறதாம். போகிற வழியில் என் சி.ஆர். 1009 நெல் வயலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறது. இறக்கை முழுக்க ஈரம், விரலால் தொட்டாலும் எழாது.

வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) வந்த பிறகு பைனாகுலரோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் சிறகி போன்ற வாத்துகள் பகலில் ஏரியில் சும்மா மிதந்துவிட்டு ராத்திரியில்தான் மேயக் கிளம்புகின்றன, மேய்வது நம் வயலில். சீழ்க்கை அடித்துக்கொண்டே தலைக்கு மேல் போகும். அப்போது லைட்டைத் தூக்கி அடித்தால் ஒன்றும் தெரியாது, ஒளி அவ்வளவு தூரம் எட்டாது. பெட்டியில் 10,000 லூமென் (வெளிச்ச அளவு) என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒற்றை செல்லில் அதெல்லாம் நடக்காது. வரப்பு வேலைக்கு அது தேவையும் இல்லை, நான் பெரும்பாலும் வைப்பது மூன்றில் கடைசி அளவு. அதில் வைத்தால் விடியும்வரை நிற்கிறது. முழு வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரம் தாண்டவில்லை.

மற்ற குறைகள். கையாட்டு சென்சாரை முதல் நாளே அணைத்துவிடுங்கள். மம்பட்டியை ஓங்கினாலும் எரியும், அந்துப்பூச்சி குறுக்கே போனாலும் அணையும். நாடா வியர்வையும் சேறும் பட்டு ஒரு போகத்துக்குள் தொளதொளத்துவிட்டது. பெட்டியில் இருந்த கஸ்டமர் கேர் நம்பரை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஊர்த் தையல்காரர் பாவாடை எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார், பழையதைவிட அது தேவலை. தண்ணி விஷயத்தில் ஐ.பி.எக்ஸ் 4 என்று போட்டிருக்கிறது. அது மழைக்கும் தெறிப்புக்கும் தாங்கும் என்று அர்த்தம், வாய்க்காலில் முங்கினால் தாங்கும் என்று இல்லை. சார்ஜ் போடும் துளைக்கு மேலே இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்கார்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்க்கணும். என்னுடையது உட்காரவில்லை, பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லை, ஆட்கள். நெத்தி லைட் கட்டியவன் முயல் வேட்டைக்குப் போகிறான் என்பதுதான் ஊர் நினைப்பு. "முயலுக்கா?" என்று கேட்டுவிட்டுத் தனக்கும் ஒரு தொடை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். முயல் பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள். வேட்டைக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே கண் மினுக்கத்தைத்தான். லைட்டில் கண் கூசி முயல் நின்றுவிடும். அதனால் நான் எந்த விலங்கின் முகத்திலும் முழு வெளிச்சத்தை நிறுத்தி வைப்பதில்லை, பார்த்ததும் ஓரமாகத் திருப்பிவிடுவேன். தரிசில் ஆட்காட்டி அடைகாக்கும் சமயம் அந்தப் பக்கமே போவதில்லை. போனாலும் பிரயோஜனம் இல்லை, நாம் வருவதை அது கத்திக் கோட்டூர் வரைக்கும் சொல்லிவிடும்.

மனிதர்களிடமும் அந்த மரியாதை வேண்டும். பேசும்போது தலை எதிராளியின் முகத்துக்குத் திரும்புமே, கூடவே லைட்டும் திரும்பும். "டேய், லைட்ட அணைச்சிட்டுப் பேசுடா" என்று பெரியப்பா கத்தியபிறகுதான் எனக்கு உறைக்கும்.

அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாட்டுக் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், மாடு கன்று போடுகிற ராத்திரிக்கு மட்டும் எடுப்பார். வயலுக்கு அதே மூணு கட்டை டார்ச்தான். பாம்பு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருப்பதால் நான் வற்புறுத்தவில்லை.

என் மார்க் 5-க்கு மூன்றரை. சிவப்புக்குத் தனிப் பட்டனும் ஒழுங்கான ரப்பர் மூடியும் வைத்தால் நாலரை கொடுப்பேன். வாங்குவதாக இருந்தால் நடவுக்கு முன்னாலேயே வாங்குங்கள். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் கடைக்காரர் விலையில் 200 ஏற்றிவிடுவார்.